டியர் பிரெண்டும் கறுப்புக் கண்ணாடியும்

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் இன்னொரு முறை தட்டுவேன். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன்தான், கையால் சுற்றும் காப்பிக்கொட்டை மெஷினுக்காக, கடல் கடந்த எவனோ ஒருவனிடம் 6,300 ரூபாயைத் தூக்கிக் கொடுத்தேன்.

இணைய விற்பனைத் தளத்தில் அதன் விலை 7,000. சாமான் கைக்கு வரும்வரை பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். வராவிட்டால் திருப்பித் தரும். அந்த நிழலைவிட்டு என்னை வெயிலுக்கு வரச் சொல்லித்தான் விற்பவன் எழுதினான்: "டியர் பிரெண்ட், நான் அனுப்பும் லிங்க்கில் நேராகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி." கூடப்பிறந்த தம்பிகூட என்னை டியர் என்றதில்லை. உருகிவிட்டேன்.

2020 மார்ச்சிலிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகத்தை அடைத்தேதான் கொடுக்கிறார்கள்; ரிசர்வ் வங்கி உத்தரவு. நாமாகத் திறந்தால்தான் உண்டு. திறந்தேன். ஓடிபிகூடக் கேட்கவில்லை. (வெளிநாட்டுத் தளங்கள் பல கேட்பதில்லை.) என்ன பெருந்தன்மை என்று வியந்தேன். மிச்சம் பிடித்த 700-இல், அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் தலையில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 260 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டது.

பிறகு கேட்கும்போதெல்லாம், "டியர் பிரெண்ட், இன்னும் 15 நாள்." ஆறு தடவை கேட்டேன், ஆறு தடவையும் நம்பினேன். 93-ஆம் நாள் ஒரு கவர் வந்தது. உள்ளே கறுப்புக் கண்ணாடி. எதையாவது அனுப்பி 'டெலிவரி ஆயிற்று' என்று பதிவு வாங்கிக்கொள்ளும் வித்தையாம் இது.

"கண்ணு தெரியாம பணம் கட்டினவருக்குக் கண்ணாடி அனுப்பியிருக்கான். நியாயஸ்தன்" என்றாள் மனைவி.

வங்கிக்கு ஓடினேன். கையில் 2017 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை: வெளியாள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. கவுண்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "அது உங்களுக்குத் தெரியாம யாராவது எடுத்தா சார். இது நீங்களே அமுக்கினது." பின்னால் நின்றவர் சிரிப்பை இருமலாக்கினார்.

ஆனாலும் அந்தப் பெண் என்னைக் கைவிடவில்லை. சாமான் வராவிட்டாலும், மாறி வந்தாலும் கார்டு வழியாகவே பணத்தைத் திரும்பக் கேட்கலாமாம். சார்ஜ்பேக் என்று பெயர். பொதுவாக 120 நாள்தான் கெடு. டியர் பிரெண்ட் பதினைந்து பதினைந்தாக எதைக் கரைத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விளம்பரப் படம், அவனோடு பேசியதன் ஸ்கிரீன்ஷாட், வந்த கவர் எல்லாம் வேண்டுமென்றார். கவரா? குப்பையில் போட்டிருந்தேன். பழைய கவரைக்கூட விடாமல் மடித்து வைப்பதற்காக நான் நாள்தோறும் கிண்டலடிக்கும் மனைவி, அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் செருகியிருந்தாள். லேபிளில் எடை 40 கிராம். விளம்பரத்தில் மெஷின் இரண்டு கிலோ. அந்த லேபிள்தான் வழக்கை ஜெயித்தது.

இரண்டு மாதம் கழித்து 6,300 வந்தது, 260 வரவில்லை. கார்டில் வெளிநாட்டுக் கதவு மறுபடி அடைபட்டிருக்கிறது. வங்கி ஆப்பின் ரகசிய எண்ணை மனைவி மாற்றிவிட்டாள். காப்பிக்கொட்டையைத் தெருமுனைக் கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்குகிறேன். வெயில் நேரமென்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவேன்.