அடி தேடியவர்

வண்டிக்கு அடியில் போனவர் வெளியே வருவதற்குக் குறைந்தபட்சம் 20 நிமிஷமாவது ஆகும் என்பது அனுபவத்தால் நிச்சயப்பட்டுவிட்டபடியால், பழைய ஜீப்பு பார்க்கப் புறப்படும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கையோடு ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகிறேன். விற்பவர் ஒரு பக்கம் நிற்பார். புரோக்கர் மறுபக்கம் நின்று பல் குத்திக்கொண்டிருப்பார். நடுவே, கோயில் வாசலில் விடுவதுபோல் ஓரமாக விடப்பட்ட ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், அதற்கு அப்பால் வெடிப்பு விழுந்த இரண்டு குதிகால்களும் மட்டும் மாமாவின் இருப்புக்குச் சாட்சியாகத் தெரியும். உள்ளேயிருந்து ஸ்பானரால் எதையோ தட்டும் ஓசை வரும். பிறகு சற்று மௌனம். பிறகு, "உச்."

மாமா என்று நான் சொல்வது எங்கள் உறவுமுறையை உத்தேசித்து. உங்களுக்கு அவர் பெரியப்பாவாக இருக்கலாம். அடுத்த வீட்டு ரிட்டயர்டு சூப்பரின்டெண்டாக இருக்கலாம். "உச்" மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றேதான்.

பெரும்பாறைக்கு மேலே எனக்குச் சொற்பமாகக் கொஞ்சம் காபியும் மலைவாழையும் இருக்கின்றன. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து தோட்டத்துக்கு 4 கிலோமீட்டர் மண்பாதை; ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிச் சேற்றை வாரி இறைக்குமே தவிர ஓர் அடியும் முன்னேறாது. ஆகவே நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்பு ஒன்று, 3 லட்ச ரூபாய்க்குள், என்று யோசனை செய்தேன். அந்த யோசனையை வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த பிழை. மறுநாள் காலையில் மாமா வந்து, "மாப்ளே, என்னையக் கேக்காம எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் குடுத்துறாதீங்க" என்றார். அது நடந்து 2 வருஷம் ஆகிறது.

திருவண்ணாமலையில் அடியைத் தேடிப் பூமியைக் குடைந்துகொண்டு போன திருமால், காண முடியவில்லை என்று திரும்பி வந்து பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார் என்று புராணம் சொல்கிறது. அடியைத் தேடிப் போய், அதைக் கண்டு, கண்ட ஒவ்வொன்றிலும் ஒரு குற்றத்தையும் கண்டுகொண்டு திரும்பும் சாமர்த்தியம் மாமாவுக்கே வாய்த்தது. இந்த யாத்திரைக்கென்றே அவரிடம் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வண்டி நிற்கும் இடம் சிமென்டுத் தரையானாலும் சரி, சாணி மெழுகிய களமானாலும் சரி, அந்தத் துண்டை உதறி விரித்து, வேஷ்டியை மடித்துக் கட்டி, கிழக்கு எது என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மல்லாந்தவாக்கில் தலையை முன்னுக்கு வைத்து அவர் உள்ளே நழுவும் அழகை, முதல் தடவை பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தத் துண்டிலுள்ள ஒவ்வொரு எண்ணெய்க் கறையும் இன்ன ஊரில் இன்ன வண்டியில் விழுந்தது என்று அவருக்கு மனப்பாடம். "இது போடி. இது உத்தமபாளையம். இது நத்தத்துல ஒரு டாக்டர் வண்டி, கியர் பாக்ஸ் சீல் போனது" என்று, குழந்தைக்குப் பூகோளப் படம் காட்டுவதுபோல் பஸ்ஸில் என் மடியில் விரித்துக் காட்டியிருக்கிறார். மடியில் இருந்தது வெள்ளை வேஷ்டி.

"உச்" என்பது ஒரே சொல்லாயினும் அதற்குள் பேதங்கள் உண்டு. குறுகிய உச், ஸ்பிரிங் பட்டையில் ஒன்று விட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும். அதே உச் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால், பிரேக் டிரம்மிலிருந்து எண்ணெய் கசிகிறது. நீண்டு, இறுதியில் தேய்ந்து, ஒரு பெருமூச்சில் முடிகிற உச் இருக்கிறதே, அதைக் கேட்டவுடன் புரோக்கர் பல் குத்துவதை நிறுத்திவிடுவார்: சேஸில் எங்கோ வெல்டு வைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதன்பின் மாமா வெளிப்பட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "போகலாம் மாப்ளே" என்பார். விற்பவர், "என்னண்ணே, ஓட்டியே பாக்கலியே" என்று பின்னாலேயே வருவார். ஓட்டிப் பார்ப்பது மாமாவின் சம்பிரதாயத்தில் கிடையாது.

அவருடைய ஞானம் போலியன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்லடம் பக்கத்தில் ஒரு வண்டி. பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகவில்லை. கறுப்பு டயர் பளபளக்கிறது. என் கண்ணுக்கு அது கல்யாணப் பெண்போல் தெரிந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்துக் கதவின் அடிப்பாகத்தில் வைத்தார்; காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பட்டிதான் இருந்தது. அதன்பின் அடியில் போய்ப் பின் கிரௌனின் எண்ணெய் மூடியைத் தளர்த்தினார். தேன் நிறத்தில் வரவேண்டிய கியர் ஆயில், ஓட்டல் காபி நிறத்தில் வழிந்தது. ஏதோ ஆற்றிலோ வெள்ளத்திலோ வண்டி முங்கியிருக்கிறது. எல்லாவற்றிலும் உச்சமாக, உள்ளே ஃபோர் வீல் லீவர் கம்பீரமாக நிற்கிறது. அடியில் முன்சக்கரத்துக்குப் போகவேண்டிய ஜாயின்ட்டையே காணோம். டீசல் மிச்சமாகும் என்று கழற்றி வைத்தவர்கள் திரும்ப மாட்ட மறந்துபோவது பழைய ஜீப்புகளில் சகஜமாம். அந்த வண்டிக்கு நான் முன்பணம் கொடுக்க ஜேபியில் கைவிட்டிருந்தேன் என்பதை மாமா இன்றுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் நமஸ்கரிக்கிறேன்.

ஆனால் கம்பத்தில் நடந்ததை நான் மன்னிக்கத் தயாராயில்லை.

அது ஒரு எம்.எம். 540. மேலே பார்க்க அவலட்சணம், ஒரு கண் விளக்கு இல்லை, தார்ப்பாய் கிழிந்திருந்தது. 2,60,000 சொன்னார்கள். மாமா அடியில் போனார். 20 நிமிஷம் ஆயிற்று, 30 ஆயிற்று, ஓர் உச்சும் வரவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டிக் குனிந்து பார்த்தேன். மாமா மல்லாந்தபடியே புன்னகை செய்துகொண்டிருந்தார். வெளியே வந்தவர், துண்டை உதறவும் மறந்து, விற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சேஸ்ல ஒரு வெல்டு கெடையாது, கிரௌன்ல ஒரு சத்தம் கெடையாது, இந்த மாதிரி கட்டுக்கோப்பா ஒரு வண்டி இனிமே பொறக்கப்போறதில்ல. இதைப் போயி எதுக்குண்ணே விக்கிறீங்க?" என்று நெகிழ்ந்து கேட்டார். பம்பாயில் மகேந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்ததிலிருந்து தொடங்கி, அந்த வம்சத்தில் இந்த வண்டி எந்தத் தலைமுறை என்பதுவரைக்கும் அங்கேயே ஒரு பிரசங்கமும் செய்தார். விற்பவர் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வீட்டுக்குள் போனார். உள்ளே ஏதோ சம்பாஷணை நடந்தது. திரும்பி வந்து, "வண்டி குடுக்கிறதா இல்லைங்க" என்றார். எங்களுக்கு மோர் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது மாமா பரம சந்தோஷமாக இருந்தார். "நல்ல மனுஷன் மாப்ளே, புரிஞ்சுக்கிட்டாரு" என்றார்.

மாமா நிராகரிக்கிற வண்டியை நான் வாங்க முடியாது. அவர் அங்கீகரிக்கிற வண்டியை உடையவர் விற்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த 2 வருஷம் போயிற்று.

ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட ஜிப்ஸி, அவரைப் பொறுத்தவரை பொம்மை. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த ஜோங்காவைப் பார்த்தால் மட்டும் ஒரு விநாடி கண் கலங்கும். அந்த 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற குடியை நினைத்து உடனே தெளியும். 2010-இல் வந்த மகேந்திரா தாரைப் பற்றி அவரிடம் பேசாதிருப்பது நலம்.

இனி நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. குறையே இல்லாத வண்டி வேண்டுமென்றால் அதற்கு ஷோரூம் இருக்கிறது, அதற்கு வேண்டிய பணம் என்னிடம் இல்லை; கைக்கு அடங்கின விலையில் பழைய வண்டி வாங்குவதென்றால் நம்மால் தீர்க்கக்கூடிய குறையுள்ள வண்டியை வாங்குவதுதானே அதற்கு அர்த்தம்? கிளட்ச் தேய்ந்திருந்தால் மாற்றலாம். டயர், பிரேக், ஸ்பிரிங் புஷ், எல்லாம் ஒரு வாரத்து மெக்கானிக் கூலி. சேஸ் முறிந்து ஒட்டினது, இன்ஜின் நம்பர் ஒன்றும் ஆர்.சி. புத்தகத்து நம்பர் ஒன்றுமாக இருப்பது, பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருப்பது, இவற்றுக்குத்தான் பரிகாரம் இல்லை. 15 வருஷம் முடிந்து மறுபதிவுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற அன்றைக்கு அந்த வண்டி வாசலிலேயே நின்றுவிடும். இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே மாமாதான். கற்றுக்கொடுத்துவிட்டு, கிளட்சுக்கும் சேஸுக்கும் ஒரே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு "போகலாம் மாப்ளே" என்றால் நான் எங்கே போவது? போடியில் கிளட்ச் ஒன்றைத் தவிர வேறு பழுதில்லாத வண்டியை அப்படித்தான் விட்டோம். அதை வாங்கினவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். உரமூட்டையை வைத்துக்கொண்டு நான் வாடகை ஜீப்புக்குக் காத்து நிற்கும்போது அது என்னைக் கடந்து மேலே ஏறுகிறது. "அந்த கிளட்ச் போயிரும், பாருங்க" என்று மாமா ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வாடகையாக மட்டும் இதுவரை நான் 90,000 கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் தாங்காமல் அத்தையிடம் முறையிட்டேன். மாமாவிடம் முன்பு சொந்தமாக ஒரு ஜீப்பு இருந்ததும், மகள் கல்யாணத்துக்கு அதை விற்றதும் எனக்குத் தெரியும். அந்த வண்டியையும் இப்படித்தான் ஞாயிறுதோறும் அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "இவுகளா? அது இருந்த பதினோரு வருஷத்துல பானெட்டைக்கூடத் தொறந்து பாத்ததில்ல. எல்லாம் டிரைவருதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அது போனப்புறந்தான் இந்தத் துண்டெல்லாம்" என்றும் சொன்னார்.

தேவாரத்தில் ஒரு ஜீப்பு விலைக்கு இருக்கிறது. கிளட்ச் மட்டும் கொஞ்சம் வழுக்குகிறது என்று நேற்று இரவு புரோக்கர் போன் செய்தார். மாமாவிடம் மூச்சுவிடவேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இப்பொழுது காலை மணி 6. சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறேன். திண்ணையில் மாமா உட்கார்ந்திருக்கிறார், தோளில் பச்சைத் துண்டு.