தலைக்கு எவ்வளவு, தம்பி?

"ஒரே ஒரு கரப்பான்தான் தம்பி. அதுவும் சின்னது" என்று போனில் சொல்வார் வாடிக்கையாளர் சார் ஒருவர். சின்னது என்றால் ரேட்டும் சின்னதாக இருக்கும் என்று நினைப்பு. பூச்சி ஒழிக்கிற எங்கள் தொழிலில் சின்னதுதான் பெரிய தலைவலி. பெரிய கரப்பான் சாக்கடையிலிருந்து வழி தவறி ஏறி வந்ததாக இருக்கும். சின்னது அப்படியில்லை; ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் குடும்பத்தோடு குடியிருக்கும். பெட்டை தன் முட்டைக்கூட்டைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டே அலையும். ஒரு கூட்டில் 30, 40 முட்டை. இதை எடுத்துச் சொன்னால், "இன்னும் பிறக்காததுக்கெல்லாமா காசு கேட்கறீங்க?" என்பார்.

இவர் நங்கநல்லூரில் இருக்கலாம், நாகர்கோவிலில் இருக்கலாம். ரிட்டயர் ஆகியிருப்பார், கணக்கு மட்டும் ரிட்டயர் ஆகியிருக்காது. பூச்சிக்கு மருந்து வைக்க எவ்வளவு என்று இவர் கேட்பதில்லை. ஒரு பூச்சிக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார். சமையலறைக்கு ஜெல் வைக்க 900 ரூபாய் என்று சொன்னேன். உதடு அசையாமல் வகுத்தார். "நான் பார்த்தது மூணு. அப்போ தலைக்கு 300. இறாலே கிலோ அந்த விலைக்குக் கிடைக்குமே தம்பி!" அவர் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். இறால் விலை எப்படித் தெரியுமென்று நான் கேட்கவில்லை.

ஜெல் வைத்த மறுநாள் காலையிலேயே போன். "ரெண்டுதான் செத்துக் கிடக்கு. மூணாவதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" போய்ப் பார்த்தால், பழைய காலண்டர் தாளில் இரண்டையும் வரிசையாகக் கிடத்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, ஓரத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறார். என் முன்னாலேயே டம்ளரை எடுத்து, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றின் காலையும் நெம்பிக் காட்டினார். சாவில் சந்தேகம் இருக்கக்கூடாதாம்.

ஜெல்லின் வேலையே கண்ணுக்குத் தெரியாத வேலை. கதவுக் கீல், சிங்க் அடி, ஸ்டவ் இடுக்கு என்று பொட்டுப் பொட்டாக வைப்போம். தின்ற கரப்பான் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும்; அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்று மற்றவை சாகும். "ஆக, செத்ததுக்கு சாட்சி இல்லை" என்றார். "அப்படின்னா அதை பில்லில் சேர்க்க முடியாது." செத்து விழுந்த இரண்டுக்கும் 600 ரூபாய் கொடுத்தார். மீதி 300, மூன்றாவது பிணம் கிடைத்ததும் தருவதாக ஏற்பாடு.

மூட்டைப்பூச்சியில் இன்னும் மோசம். அதை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை, கடித்த தடிப்பு மட்டும்தான் இருந்தது. அதனால் எண்ணிக்கை பூஜ்யம். முட்டைக்கு மருந்து அவ்வளவாகப் பிடிக்காது. பொரிந்து வருகிற குஞ்சுகளுக்காக இரண்டாம் முறையும் வந்துதான் ஆகவேண்டும். அவர் கணக்கில் அது "முதல் தடவை விட்டுப்போன பாக்கி வேலை".

கரையானிலாவது இந்தக் கணக்கு நம் பக்கம் திரும்பும் என்று நப்பாசைப்பட்டேன். புற்று பெரிதானால் லட்சக்கணக்கில் இருக்கும். தலைக்கு வெறும் 10 பைசா போட்டாலும் லட்சத்துக்கு 10,000 ரூபாய் ஆகிறது. அங்கே மட்டும் மனிதர் கட்சி மாறிவிட்டார். "ராணி ஒண்ணுதானே தம்பி? மத்ததெல்லாம் அது பெத்த பிள்ளைங்க. ஒரே குடும்பம்னு போட்டுக்கோங்க." சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, மருந்தை இறக்கி, அடைக்க வேண்டும், வீடு முழுக்கச் செய்தால்தான் பலன். அவர் வாசல் நிலைக்கு மட்டும் ரேட் கேட்டார். அதிலும் கரையான் ஏறியிருந்தது இடது காலில் மட்டும் என்பதால் பாதி ரேட்.

மற்றபடி "வந்தது வந்தீங்க, அப்படியே பரணையும் பார்த்துடுங்க", "மருந்தை மட்டும் கொடுங்க, நானே அடிச்சுக்கறேன்" எல்லாம் எல்லாரிடமும் உள்ளதுதான்.

ஒரு பொட்டு ஜெல் வைத்தாலும் குரோம்பேட்டையிலிருந்து வண்டி வந்தாக வேண்டும். கூட வருகிற பையனுக்கு அரை நாள் கூலி கொடுத்தாக வேண்டும். 1968-ஆம் வருடத்துப் பூச்சிமருந்துச் சட்டப்படி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். பூச்சி ஒன்றானாலும் நூறானாலும் இந்தச் செலவு ஒன்றுதான். "இன்னொருத்தர் 300க்கு வரார்" என்கிறீர்கள். வருவார். கூலியில் விட்டதை அவர் மருந்தில் பிடிப்பார். ஒன்று, பாதிக்குப் பாதி தண்ணீர். இல்லாவிட்டால் வயலுக்கு அடிக்கிற மருந்தை உரக்கடையில் வாங்கி உங்கள் அடுப்பு மேடையில் அடிப்பார். தானிய மூட்டைக்குப் புகை போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குழந்தை தூங்குகிற வீட்டு எலிவளையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து வருகிற வாயு எலியையும் ஆளையும் பிரித்துப் பார்க்காது. பேரம் பேசுங்கள், என்ன மருந்து என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாரைச் சும்மா சொல்லக்கூடாது. என்ன மருந்து என்று கேட்டு, டப்பாவை வாங்கி, லென்ஸ் வைத்து எக்ஸ்பயரி தேதி வரை படிக்கிற ஒரே ஆள் அவர்தான். காபி வேறு தருவார், பையனுக்கும் சேர்த்து, டபராவோடு. பிளாட் முழுக்க என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார்: "நல்ல பையன், சுத்தமா வேலை செய்வான், 600 கொடுத்தா போதும்." அந்த பில்டிங்கில் இன்றுவரை யாரும் எனக்கு 601 கொடுத்ததில்லை.

பொறுக்க முடியாமல் ரேட் கார்டு அச்சடித்துக் கையில் கொடுத்தேன்: வந்து போக 500, அதற்கு மேல் வேலைக்குத் தக்கபடி. லென்ஸ் வைத்து இரண்டு முறை படித்தார். "நியாயம்தான். வண்டி பெட்ரோல் குடிக்குமே" என்றார். எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை.

"அப்போ ஒண்ணு செய்யுங்க. எதிர் வீட்டுல என் மச்சினர். அவருக்கும் ஒரே ஒரு கரப்பான்தான். மாடியில ஒரு மாமி, பக்கத்துல வாத்தியார். நீங்க ஒரு தடவைதானே வந்து போகப் போறீங்க?"

பையன் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்குள் அந்த 500 ரூபாயை நாலு வீடும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டது. தலைக்கு 125.