ஆகாயத்து அதிகாரி

கேள்வி: கடலையே நம்பிப் பிழைத்தும் கடலில் இறங்கத் துணியாத பறவை ஒன்று உண்டாமே? – ஒரு வாசகர், பண்டார் தெங்காரா, ஜொகூர்.

பதில்: உண்டு. உங்களூர்ச் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டித் தியோமான் தீவுப் பக்கம் படகேறும் பாக்கியம் வாய்த்தால், 2 மீட்டருக்கும் மேல் சிறகு விரித்து, கவட்டை வாலோடு ஆகாயத்தில் நின்று உலாவும் ஃபிரிகேட் பறவையை நீங்களே தரிசிக்கலாம். இறகில் போதிய எண்ணெய்ப் பசையில்லாமையால் நனைந்தால் எழும்ப முடியாத இந்த மகானுபாவர், பறக்கும் மீனை நீர்மட்டத்தில் அலகால் கொத்துவார். அதுவும் அலுத்தால், உழைத்து மீன் பிடித்து வரும் வேறு பறவையின் வாலைக் கவ்வி உலுக்கி, அது கக்கியதை அந்தரத்திலேயே ஏந்திப் புசிப்பார். (வரி வசூல் என்றும் சொல்லலாம், எனக்கேன் வம்பு?)

நித்திரையும் ஆகாயத்தில்தான். கலாபகஸ் தீவுகளில் இவற்றின் மூளை அலைகளைப் பதிந்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, பறக்கும்போது நாளொன்றுக்குச் சராசரியாக 42 நிமிஷமே தூக்கம். கரையேறினாலோ 9 மணி நேரத்துக்கும் மேல்!

இவ்வினங்களுள் ஒன்று, ஜாவாவுக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்துமஸ் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை. அங்கே ஆண்பறவை கழுத்தடிச் செம்பையைப் பலூனாக ஊதி, சுயம்வர மண்டபத்து ராஜகுமாரன்போல் மரத்தில் வீற்றிருக்கும். இவ்வளவு ஆடம்பரத்துக்கும் பலன் ஒரே ஒரு முட்டை.