தாத்தாவுக்கு ஜிம் கட்

அமெரிக்காவில் 65 வயதானால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் உண்டு. ஜிம் கட்டணம் அதில் சேராது. தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களோ 'ஜிம் இலவசம்' என்று ஆசை காட்டியே ஆள் பிடிக்கும். தாத்தாவும் புது ஷூ வாங்கி, நாற்காலி யோகாவில் முன்வரிசை பிடித்துவிடுவார். செப்டம்பர் முடிவதற்குள் தடிமனான கடிதம் ஒன்று வரும். பல பக்கம் தாண்டி ஒரு கட்டத்துக்குள்: 'உடற்பயிற்சிச் சலுகை, அடுத்த ஆண்டு கிடையாது.' பிடிக்கவில்லையா? அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை வேறு திட்டத்துக்குத் தாவலாம். அங்கே ஜிம் இருக்கும். பழைய டாக்டர் இருப்பாரா என்பது அவரவர் ஜாதகம். ஜனவரி 1 அன்று ஊரே சபதம் எடுத்து ஜிம்முக்குள் நுழைய, தாவாத தாத்தாவின் கார்டு மட்டும் வாசலிலேயே செல்லாது. கவலை வேண்டாம்: விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு. விழாமல் இருக்கத்தான் கைக்காசு.