பேய்களின் ஜீவனோபாயம்

கேள்வி: கதைகளில் வரும் பேய், பூதக் கூட்டங்கள் உழுவதுமில்லை, விதைப்பதுமில்லை, அவற்றுக்கு ஆகாரம் எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர், வேப்பந்தட்டை

பதில்: இதற்கு நீங்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை, உங்கள் அண்டைப் பிரதேசமாகிய கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு வீற்றிருந்த முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பரணியாகப் பாடிய சயங்கொண்டார், 12-ஆம் நூற்றாண்டிலேயே பேய்களின் ஜீவனோபாயத்தை விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். அச்சமூகத்தில் உற்பத்தி என்பதே கிடையாது. யுத்தம் ஒன்றே விளைச்சல். ஆகையால், போரில்லாத நாட்களில் எலும்பும் தோலுமாக வாடிக் காளியிடம் முறையிடும் பேய்கள், குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதும் களத்திலே இறங்கி, மாண்ட வீரர்களின் பற்களை அரிசியாகக் கொண்டு, முரசங்களை உரலாக்கி, யானைத் தந்தங்களை உலக்கையாக்கிக் குற்றிக் கூழ் சமைக்கின்றன. ஆனால் பங்கீட்டிலே அவை காட்டும் பரிவு என் நெஞ்சைத் தொடுவது: குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என்று ஒவ்வொன்றையும் நினைவாக அழைத்து வார்க்கின்றன, விருந்தாக வந்த பேய்க்கும் பங்குண்டு. இத்தகைய நியாயம் மனிதப் பஞ்சங்களில் அபூர்வம்!

குறை ஒன்றுதான். உங்கள் பக்கத்து மானாவாரிக் குடியானவர் எத்தனை வறட்சியிலும் விதையைக் காப்பாற்றி வைப்பார். பேய்களுக்கோ விதை என்று எடுத்து வைக்க ஏதுமில்லை, மன்னனுடைய அடுத்த படையெடுப்பைத் தவிர. உண்டு முடித்ததும் அவை குலோத்துங்கனை மனமார வாழ்த்துவதற்கு அது ஒன்றே போதிய காரணம்.