கொங்கு நாட்டில் புவியீர்ப்பு 980 ஆன வரலாறு: ஓர் ஆய்வு

கோயம்புத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் உரிய சூத்திரத்தில் போட்டால், ஊரின் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது பாடப்புத்தகத்து ‘ஜி’, 978 செ.மீ. என்று வரும். (வினாடி வர்க்கத்துக்கு என்பதை இனி வாசகர் தாமே சேர்த்துக்கொள்க.) ஆனால் இதே ஊரில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு மாணவர்கள் எழுதும் ரெக்கார்டு நோட்டுகளில் ஜி 980. சிலவற்றில் 979.8, சிலவற்றில் 980.3. இந்த இரண்டு செ.மீ. எங்கிருந்து வந்தது, எந்த வழியாகக் கொங்கு நாட்டுக்குள் நுழைந்தது, இதுவரை ஏன் யாரும் போலீஸில் புகார் தரவில்லை என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வு எல்லையை வகுப்பது மரபு. கொங்கு நாட்டுக்கு வடக்கே பெரும்பாலை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்று முன்னோர் வகுத்ததே இங்கும் எல்லை. கல்லூரிகளின் பெயர்கள், ஆய்வறத்தின் பொருட்டும் எழுதியவரின் பாதுகாப்பின் பொருட்டும், தவிர்க்கப்பட்டுள்ளன.

முதலில் கருவி. காம்பவுண்ட் பெண்டுலம் என்பது ஒரு மீட்டர் நீள உலோகப் பட்டை. நெடுக ஐந்து செ.மீ.க்கு ஒரு துளை. சுவரில் அடித்த தாங்கியில் ஒரு கத்தி முனை நீட்டிக்கொண்டிருக்கும். துளையை அதில் மாட்டி, பட்டையை லேசாகத் தள்ளிவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். பிறகு அடுத்த துளை. நடுவை நெருங்கும்போது பட்டை சோம்பேறித்தனமாக ஆடும். அதைத் தாண்டிவிட்டால் தலைகீழாக மாட்டி, மறு முனையிலிருந்து அதே வேலை. கடைசியில் கிராஃப் ஷீட்டில் இரண்டு வளைகோடு. அவற்றின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, வெட்டும் இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் ‘எல்’ கிடைக்கும். அதன் பிறகு சூத்திரம், கிளார்க்ஸ் டேபிள், விடை.

இந்த ஊசலுக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஓர் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாம்டன் தலைமையில் தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த குழுவில் ஹென்றி கேட்டர் என்ற இளம் படை அதிகாரி வேலை பார்த்தார். வெயிலும் அலைச்சலும் உடம்பைக் கெடுக்க, ஊர் திரும்பினார். அங்கே 1817-இல் அவர் செய்த தலைகீழாகவும் மாட்டக்கூடிய ஊசல்தான் நம் லேப் சுவரில் தொங்குவதற்கு மூதாதை. கேட்டரின் ஊசலில் இரண்டு கத்தி முனைகள் பட்டையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நுண்ணோக்கி வைத்து அளந்தார். நம் லேபில் அந்தத் தூரம் கிராஃப் ஷீட்டிலிருந்து வருகிறது. அங்கே பென்சில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஜி ஒன்றே முக்கால் செ.மீ. நகர்ந்துவிடும். நாம் தேடிக்கொண்டிருக்கும் இரண்டு செ.மீ. கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது.

தூரம் சரி என்றே வைத்துக்கொள்வோம். நேரம்? பட்டை மிக வேகமாக ஆடும் துளையில் ஒரு அலைவுக்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி. கோவையின் உண்மையான 978-க்கு 20 அலைவு 30.52 வினாடி ஆகும். புத்தகத்து 980-க்கு 30.49. வித்தியாசம் 0.03 வினாடி. டிஜிட்டல் ஸ்டாப் வாட்ச் இதைக் காட்டும். அதை அமுக்கும் கட்டைவிரல் காட்டாது. கண் பார்த்து விரல் அசைய மனிதருக்குச் சுமார் 0.2 வினாடி வேண்டும். அந்தத் தடுமாற்றம் ஒன்றே போதும், ஜி மேலும் கீழும் 13 செ.மீ. தள்ளாட. ஆக, கைசுத்தமாக ஒருமுறை அளந்த மாணவருக்கு 965-இலிருந்து 991 வரை எது வந்தாலும் அது இயற்கை. பல முறை எடுத்துச் சராசரி பார்த்தால் இந்த அகலம் குறையும். ஆனாலும் வகுப்பில் அத்தனை பேருக்கும் 980-ஐ ஒட்டியே விடை வருவது இயற்பியலில் நடக்காது. ரெக்கார்டு நோட்டில் நடக்கும்.

இன்னும் இரண்டு விடைகள் இந்த லேப்களில் அடிக்கடி தலைகாட்டும். அவை ஆய்வாளருக்குப் பெரிய பொக்கிஷம். ஒன்று 1084. மற்றொன்று 887. முதலாவது வந்தால், மாணவர் பட்டையைத் தள்ளும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார். ஆடியது 19, எழுதியது 20. இரண்டாவது வந்தால், பக்கத்து பெஞ்சுக்காரர் நடுவில் ஏதோ கேட்டிருக்கிறார், ஆடியது 21. விடையைப் பார்த்தே பிழையின் பெயரைச் சொல்லிவிடலாம். ஒரு மாணவர் என்ன செய்தார் என்பதை இத்தனை நேர்மையாகச் சொல்லும் எண்கள் இந்தப் படிப்பில் வேறில்லை. வருத்தம் என்னவென்றால், மறுநாள் ரெக்கார்டில் இந்த எண்களே இருக்காது.

காற்றையும் விட முடியாது. முதலாண்டு வகுப்பு தொடங்கும் ஜூன், ஜூலையில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கோவைக்குள் புகும். பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று லேப் ஜன்னலில் நுழைந்து பட்டையைப் பக்கவாட்டில் ஆட்டும். “கண்ணு, அந்த ஜன்னலைச் சாத்துங்க, ஃபேனையும் நிறுத்துங்க” என்று லேப் அட்டெண்டர் சொல்வது இந்தப் பருவத்தில்தான். புழுக்கத்தில் கை வியர்க்கும். வேகமாக முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தின் விளைவுதான் இனி வரப்போகும் முறை.

மாணவர் வழக்கில் இதற்கு ‘மேனிப்புலேட் பண்றது’ என்று பெயர். நாம் இதைப் பின்னோக்கு அளவியல் என்போம். ஜி 980 என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு அலைவு நேரத்தைக் கண்டு, 20-ஆல் பெருக்கினால் ஸ்டாப் வாட்ச் காட்டியிருக்க வேண்டிய எண் கிடைத்துவிடும். அது ட்ரயல் 1. ட்ரயல் 2-க்கும் அதே எண்ணைப் போடுவது கற்றுக்குட்டியின் வேலை. தேர்ந்தவர் இரண்டாம் தசமத்தில் ஒன்றைக் கூட்டி, அடுத்த துளையில் ஒன்றைக் குறைப்பார். வளைகோட்டில் எல்லாப் புள்ளியும் கோட்டின் மேலேயே விழுந்தால் மேடத்துக்குச் சந்தேகம் வரும் என்பதால் இரண்டு புள்ளிகளைச் சற்றே தள்ளி வைப்பதும் உண்டு. பிழையையும் கணக்குப் போட்டுத் தயாரிக்கும் இந்த நுட்பத்துக்கு, ஊசலை ஒழுங்காக ஆட்டி அளப்பதைவிட அதிக இயற்பியல் தேவைப்படுகிறது. சொல்லப்போனால், சூத்திரம் மாணவருக்கு நன்றாகப் புரிவது இந்த நேரத்தில்தான்.

இதைக் கொங்கு நாட்டுக் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாட முடியாது. காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்ட நியூட்டனுக்கு வினாடிக்குச் சுமார் 979 அடி வந்தது. (எண்ணைக் கவனிக்க.) அளந்து பார்த்தவர்கள் சொன்னதோ 1142. நியூட்டன் 1713-இல் வந்த பிரின்சிப்பியா இரண்டாம் பதிப்பில் காற்றுத் துகள்களுக்குப் பருமன் உண்டு என்றார், காற்றில் நீராவி கலந்திருக்கிறது என்றார், இரண்டுக்கும் வேண்டிய அளவு சேர்த்து மிகச் சரியாக 1142-இல் கொண்டுவந்து நிறுத்தினார். உண்மைக் காரணம் வேறு என்று பின்னர் லாப்லாஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது. முதலாண்டு ஒலியியல் பாடத்தில் ‘லாப்லாஸ் திருத்தம்’ என்று படிப்பது அதைத்தான். நியூட்டனின் பின்னோக்கு அளவியல் பாடத்தில் வருவதில்லை.

மில்லிகன் கதை இன்னும் நெருக்கம். எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து அவர் 1913-இல் வெளியிட்ட மதிப்பு உண்மையைவிடச் சற்றே குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் பிசகு. அவருக்குப் பின் அளந்தவர்களின் விடை ஒரேயடியாகச் சரியான மதிப்புக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பெரியவர் சொன்னதிலிருந்து ரொம்ப விலகி வந்தால் ‘எங்கோ தப்பு’ என்று தேடினார்கள், அருகே வந்தால் தேடவில்லை என்று 1974-இல் ஃபைன்மன் ஒரு பட்டமளிப்பு விழாவில் எடுத்துக் காட்டினார். நம் லேபிலும் 965 வந்தால் “மறுபடி எடு”. 980 வந்தால் கையெழுத்து. சீனியர் ரெக்கார்டு என்ற ஆவணம் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்படுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

எதிர்மறைச் சான்றும் ஒன்று உண்டு. மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. 1865 முதல் இந்தியாவின் பல இடங்களில் ஊசலை ஆட்டி ஜி அளந்தவர் கேப்டன் பசெவி. எந்த ஊரிலும் விடை இன்னதாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொண்டு போகவில்லை. ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதே வேலை. 1871 ஜூலையில் லடாக்கின் உயரமான சமவெளியில் அளந்துகொண்டிருந்தபோது, குளிரும் காற்றுக் குறைவும் தாங்காமல் அங்கேயே இறந்தார். அவரிடம் சீனியர் ரெக்கார்டு இல்லை.

இப்போது மூலக் கேள்வி: 980 எந்த ஊர் எண்? பாரிஸில் ஜி சுமார் 981. தர மதிப்பு என்று 1901-இல் உலக எடை அளவு மாநாடு ஏற்றுக்கொண்டது 980.665, அது 45 பாகையை ஒட்டிய கடல் மட்டத்து மதிப்பு. பச்சையாக 980 வேண்டுமானால் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 38 பாகைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது ஏதென்ஸ். ஆக, பீளமேட்டிலும் கோபியிலும் பொள்ளாச்சியிலும் உட்கார்ந்து நம் பிள்ளைகள் வருஷா வருஷம் கிரேக்கத் தலைநகரின் புவியீர்ப்பை எழுதி மார்க் வாங்குகிறார்கள். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் அளந்தால் ஜி 977.5 வாக்கில் வர வேண்டும். புத்தகம் அங்கேயும் 980-தான் கேட்கும்.

இரண்டு மூன்று செ.மீ.க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போய் வரலாம். பாரிஸில் சரி பார்த்த ஸ்பிரிங் தராசை அப்படியே ஈரோட்டுக்குக் கொண்டுவந்து 100 கிலோ மஞ்சளைத் தொங்கவிட்டால், கால் கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். (இரண்டு தட்டுத் தராசில் இந்தப் பிரச்சினை இல்லை, படிக்கல்லும் அதே ஊர் இழுப்புக்கு உட்பட்டது.) மின்னணுத் தராசுகளைப் பயன்படுத்தும் ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரி செய்ய வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் வியாபாரி கால் கிலோவை விடமாட்டார். முதலாண்டு மாணவர் விட்டுவிடுகிறார்.

இது நடப்பது எந்த ஊரில் என்பதுதான் வேடிக்கை. பம்ப் செட்டும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து பிழைக்கும் ஊர் கோவை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறையில் நிற்பவர் ஷாஃப்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குப் பார்க்கிறார். வர வேண்டிய அளவை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பேரிங் உள்ளே போகாது. மறுநாள் பார்ட்டி வந்து கத்துவார். அந்தப் பட்டறையிலிருந்து வந்த பிள்ளை லேபில் வெர்னியரை எடுத்ததும் கோடு எங்கே பொருந்துகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சட்டென்று சொல்லிவிடும். அதே பிள்ளை சாயங்காலம் ரெக்கார்டு எழுத உட்கார்ந்து, வந்த 971-ஐ 980 ஆக்குவதைப் பார்க்கும் அப்பா, “ஏஞ் சாமி, அளந்துட்டுக் கணக்குப் போடறீங்களா, கணக்குப் போட்டுட்டு அளக்கறீங்களா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. நான்காண்டுப் பொறியியல் படிப்பு எதற்கு, சீக்கிரம் முடித்துப் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று வாதாடிய ஜி.டி. நாயுடு இருந்திருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பார். அது அச்சில் ஏறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

தேர்வு நாளில் எக்ஸ்டர்னல் வருகிறார். ஆறு மணிக்குள் அவருக்குத் திருப்பூர் பஸ் பிடிக்க வேண்டும். முப்பது நோட்டுகள். 980 என்று கண்ணில் பட்டதும் பேனா தானாக டிக் அடிக்கும். “கோவையில் ஜி எவ்வளவு?” என்று வைவாவில் கேட்க அவருக்கு நேரமில்லை. கேட்டிருந்தால், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஒரு நல்ல அரை மணி நேரம் கிடைத்திருக்கும்.

எக்ஸ்டர்னல்களுக்கு ஒரு விண்ணப்பம்: யாராவது 967 என்று எழுதி, 20 அலைவுக்குப் பதில் 200 அலைவு எண்ணியிருந்தால் பிழை எவ்வளவு குறைந்திருக்கும் என்று கீழே இரண்டு வரி சேர்த்திருந்தால், அந்த நோட்டுக்கு முழு மார்க் போடுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று. இதைப் படித்துவிட்டு அடுத்த செமஸ்டரில் எல்லாருமாக 978 வரும்படி ரீடிங்கைத் திருத்தி வைக்காதீர்கள்.