திசை தெரியும் ஊர்

கேள்வி: செல்போன் இல்லாவிட்டால் என் மகளுக்கு அடுத்த தெருவுக்கே வழி தெரியவில்லை. வரைபடம் பார்க்க எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கவலையா! தெருப்பலகையே திசைகாட்டியாக நிற்கும் ஊரம்மா இது. மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. மேல மாசி வீதியில் மகளை நிறுத்தி, "கோயில் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். 'கிழக்கு' என்று சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதியை உங்கள் மொட்டைமாடியில் படிக்கலாம். வடகிழக்கே யானைமலை, தெற்கே வைகை. காகித வரைபடத்தை விரித்து, அதிலுள்ள யானைமலை நிஜ மலையின் பக்கம் வரும்வரை திருப்பச் சொல்லுங்கள். நாம் திரும்பும்போதெல்லாம் படமும் திரும்ப வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் 2 செ.மீ. என்றால் 1 கி.மீ. வளைந்த சாலைக்கு நூலை வைத்து அளக்கலாம். அதில் சம உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. யானைமலையைச் சுற்றி அவை எப்படி நெருக்கியடிக்கின்றன என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.